ஜான்னி வெர்சாச்சேயின் ஊர் ரெஜ்ஜோ கலாப்ரியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய ஆடை அலங்காரம் என்றாலே மிலான் நகரைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆடை வடிவமைப்பாளர் வெர்சாச்சேயும் அங்கேதான் புகழ் பெற்றார். ஆனால் அவர் துணியைத் தொடக் கற்றது மிலானில் அல்ல, இத்தாலியின் தென்கோடியில் உள்ள ஒரு கடலோர ஊரில். அந்த ஊரைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ரெஜ்ஜோ கலாப்ரியா எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் இத்தாலி ஒரு பூட்ஸ் காலணி போலத் தெரியும் அல்லவா? அதன் கால்விரல் நுனியில் இருக்கிறது. எதிர்க்கரையில் சிசிலித் தீவு. நடுவே மெசினா நீரிணை. மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் 3 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மாலையில் கடற்கரையில் நின்றால் அக்கரையின் விளக்குகளை எண்ணலாம். வானம் தெளிந்திருந்தால் எட்னா எரிமலையின் உச்சியும் தெரியும்.

வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்று வேறொரு நகரம் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஊரின் முழுப் பெயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே கிட்டத்தட்ட நாட்டின் முழு நீளமும் கிடக்கிறது.

அவர் பெயர் வெர்சேஸா, வெர்சாச்சேயா?

இத்தாலியர்கள் சொல்வது ஜான்னி வெர்சாச்சே. ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் படித்ததால் நம்மிடையே வேறு உச்சரிப்புகள் பரவிவிட்டன. ஊரைப் பற்றிப் பேசும் இடத்தில் ஊரார் உச்சரிப்பையே வைத்துக்கொள்வது மரியாதை என்று நினைக்கிறேன்.

அவர் இந்த ஊரில் எவ்வளவு காலம் வாழ்ந்தார்?

1946 டிசம்பர் 2 அன்று இங்கே பிறந்தார். 1972இல், 25 வயதில், மிலானுக்குப் போனார். அதாவது குழந்தைப் பருவம், பள்ளி, இளமை எல்லாமே இங்கேதான். தொம்மாசோ கம்பனெல்லா பெயரில் உள்ள பள்ளியில் லத்தீனும் பண்டைய கிரேக்கமும் படித்தார், படிப்பை முடிக்கவில்லை. அவரை உருவாக்கிய உண்மையான பள்ளி, தாய் பிரான்செஸ்கா நடத்திய தையல் கடை.

பிரான்செஸ்கா ஊரில் பெயர் பெற்ற தையல்காரர். மகன் கடையின் மூலையில் விழுந்து கிடக்கும் வெட்டுத் துணிகளோடு விளையாடி வளர்ந்தான். பெரியவனானதும் அதே கடையில் அம்மாவோடு வேலை செய்தான். ஆடைக் கலையைக் கல்லூரியில் வரைபடம் போட்டுக் கற்றவர்கள் உண்டு. வெர்சாச்சே கற்றது, எதிரே நிற்கும் பெண்ணின் தோளிலும் இடுப்பிலும் துணி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்து. பிற்காலத்தில் அவர் செய்த உடைகளை எத்தனை படாடோபம் என்று பலர் குறைசொன்னதுண்டு. ஆனால் அவற்றின் வெட்டைக் குறைசொன்னவர்கள் அரிது. அந்தக் கணக்கு அம்மாவின் கத்தரிக்கோலிலிருந்து வந்தது.

அண்ணன் சாந்தோ, தங்கை தொனத்தெல்லா இருவரும் பின்னாளில் அவருடைய நிறுவனத்தின் தூண்களானார்கள். தீனா என்ற மூத்த சகோதரி சிறுமியாக இருந்தபோதே தசைவிறைப்பு நோயால் இறந்துபோனார். வெர்சாச்சே குடும்பக் கதையில் பலரும் தாண்டிச் செல்லும் துயரம் அது.

மெதூசா தலைச் சின்னத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சிறு வயதில் உடன்பிறந்தவர்களோடு பழைய கட்டட இடிபாடுகளில் விளையாடியபோது, தரையில் பதித்திருந்த மெதூசா முகத்தைப் பார்த்ததாகவும், அதுவே நிறுவனத்தின் சின்னமானதாகவும் வெர்சாச்சே குடும்பம் சொல்லிவருகிறது. 1993இல் அந்தத் தலை நிறுவனத்தின் அடையாளமாயிற்று.

கிரேக்கப் புராணத்தில் மெதூசாவின் தலைமுடி பாம்புகள். அவளை நேருக்கு நேர் பார்த்தவர் கல்லாகிவிடுவார். தென் இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றங்களில் இந்த முகம் ஓர் அச்சமூட்டும் கதையாக மட்டும் இருக்கவில்லை. கோவில் கூரையின் ஓரத்தில் சுடுமண்ணில் செய்து பதித்தார்கள். தீமையை விரட்டும் காவல் முகம் அது. நாம் வீட்டு முகப்பில் திருஷ்டி பொம்மை வைப்பதை நினைத்துக்கொண்டால் இதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெர்சாச்சே உடைகளின் ஓரத்தில் ஓடும் சதுரச் சுழல் கோடும் இப்படித்தான். பழைய கிரேக்கப் பானைகளிலும் தரைகளிலும் காணும் கரை அது. புத்தகத்தைப் புரட்டி அவர் எடுத்த அலங்காரமென்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரெஜ்ஜோவில் பழங்காலம் தொலைவில், வேலிக்கு அப்பால் இல்லை. நடைபாதையின் ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், உடைந்த சுவராகக் கிடக்கிறது. அதன்மேல் ஏறி விளையாடிய பிள்ளைக்கு மெதூசா அடுத்த வீட்டுப் பாட்டியைப் போலப் பழகிய முகம்.

இத்தாலியில் கிரேக்கர்கள் எப்படி வந்தார்கள்?

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் கால்கிஸ் நகரத்தார் கடல் கடந்து வந்து இந்த ஊரை நிறுவினார்கள். அவர்கள் வைத்த பெயர் ரேகியோன். ‘உடைவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று பண்டைய எழுத்தாளர்களே விளக்கியிருக்கிறார்கள்: சிசிலி இந்த இடத்தில்தான் நிலத்திலிருந்து உடைந்து பிரிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. ஊரின் பின்னாள் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பெயர் மனத்தைத் தைக்கிறது.

தென் இத்தாலி முழுவதும் இப்படிக் கிரேக்க நகரங்கள் எழுந்தன. ரோமானியர்கள் அந்தப் பகுதியை ‘பெரிய கிரேக்கம்’ என்றே அழைத்தார்கள். ரெஜ்ஜோவுக்குத் தெற்கே மலைக்கிராமங்கள் சிலவற்றில் முதியவர்கள் இன்றும் கிரேக்க மொழியின் ஒரு வட்டார வடிவத்தைப் பேசுகிறார்கள். போவாவும் கல்லிச்சியானோவும் அத்தகைய ஊர்கள்.

அவ்வளவு பழைய ஊரென்றால் பழைய கட்டடங்கள் ஏன் அதிகம் இல்லை?

1908 டிசம்பர் 28, விடியற்காலை 5.20 மணி. ரிக்டர் அளவில் 7ஐத் தாண்டிய நிலநடுக்கம் நீரிணையின் இரு கரைகளையும் உலுக்கியது. வீடுகளிலிருந்து தப்பி வெட்டவெளி தேடிக் கடற்கரைக்கு ஓடியவர்களைச் சில நிமிடங்களில் ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது. மெசினாவும் ரெஜ்ஜோவும் தரைமட்டமாயின. இறந்தவர்கள் குறைந்தது 75,000 பேர். ஒரு லட்சத்துக்கும் மேல் என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. அதற்கு முன் 1783இலும் இந்தப் பகுதி நிலநடுக்கத்தில் அழிந்திருந்தது.

இன்று நீங்கள் பார்க்கும் ஊர் 1908க்குப் பிறகு கட்டப்பட்டது. நேரான தெருக்கள், அகலமான சாலைகள், மிக உயராத கட்டடங்கள். எல்லாமே அந்த விடியற்காலையின் பாடம். முகப்புகளில் பூக்கொடி வளைவுகளும் சிற்ப முகங்களும் நிறைந்த, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரிய ‘லிபர்ட்டி’ பாணி வீடுகளைக் கடற்கரைச் சாலையில் காணலாம்.

ரோம், பிளாரன்ஸ் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் சிலர் ஏமாற்றத்தோடு திரும்புவது இதனால்தான். அவர்கள் தேடுவது நிமிர்ந்து நிற்கும் பழமை. இங்கே பழமை மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் இருந்து துண்டு துண்டாக வெளிவருகிறது. அந்தத் துண்டுகளில் இரண்டு, உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை.

ரியாச்சே வெண்கல வீரர்கள் என்று சொல்வது எதை?

1972 ஆகஸ்ட் 16. ரியாச்சே என்ற கடலோர ஊருக்கு விடுமுறைக்கு வந்திருந்த ஸ்தெபானோ மரியோத்தினி மூச்சடக்கி முக்குளித்துக்கொண்டிருந்தார். சுமார் 8 மீட்டர் ஆழத்தில் மணலிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. பிணம் என்று முதலில் அஞ்சினார். தொட்டுப் பார்த்தால் உலோகம். சில நாட்களில் இரண்டு முழு உருவச் சிலைகள் கரையேறின.

இரண்டும் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிற்பங்கள். உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். அந்தக் காலத்துக் கிரேக்க வெண்கலச் சிலைகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் உருக்கப்பட்டுவிட்டன. நாம் இன்று பார்ப்பவை பெரும்பாலும் ரோமானியர் செய்த பளிங்குப் பிரதிகள். கடல் ஒளித்து வைத்திருந்ததால் இந்த இரண்டும் உலைக்குத் தப்பின.

முன்னால் நின்று பாருங்கள். உதடுகள் செம்பு. முதல் வீரனின் சற்றே திறந்த வாயில் வெள்ளிப் பற்கள் தெரிகின்றன. கையின் மேல் நரம்பு புடைத்திருக்கிறது. எடை ஒரு காலில் இறங்க, இடுப்பு மெல்லச் சாய்ந்திருக்கிறது. ஈட்டியும் கேடயமும் தொலைந்துவிட்டன. அவற்றைப் பிடித்திருந்த கைகளின் இறுக்கம் மட்டும் மிச்சம். இரண்டாமவனின் ஒரு கண் இல்லை. அந்த வெற்றுக் குழி அவனை இன்னும் உயிருள்ளவனாக்குகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பிளாரன்ஸில் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்பட்டு, 1980இன் இறுதியில் அங்கேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. பிறகு ரோமிலும் காட்டிவிட்டு ரெஜ்ஜோவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ரெஜ்ஜோ தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், நிலநடுக்க அதிர்வைத் தாங்கும் பளிங்குப் பீடங்களில் நிற்கிறார்கள். பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகவே விடுகிறார்கள். காற்றைத் தூய்மைப்படுத்தும் ஓர் அறையில் சில நிமிடம் காத்திருந்த பிறகே உள்ளே போக முடியும்.

ஆண்டைக் கவனித்தீர்களா? வெர்சாச்சே ஊரை விட்டுப் புறப்பட்டதும் 1972. இந்த வீரர்கள் கடலை விட்டு வந்ததும் 1972. பத்து ஆண்டு கழித்து, 1982இல், துணி போல வழியும் உலோக வலையைக் கொண்டு அவர் பெண்களுக்கு உடை தைத்தார். ஓரோத்தோன் என்ற அந்த உலோகத் துணி அவருடைய கையெழுத்தாகிவிட்டது. வெண்கலத்தைத் தோலாக்கிய சிற்பிகளையும் உலோகத்தைத் துணியாக்கிய இவரையும் அடுத்தடுத்து நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அருங்காட்சியகத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

வீரர்களைப் பார்த்த கையோடு வெளியேறுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றும். லோக்ரி நகரத்தின் சுடுமண் பலகைகளைத் தவறவிடாதீர்கள். பெர்செபோனே தேவதையின் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறு பலகைகள் அவை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பெண்கள் அவற்றில் நடமாடுகிறார்கள். ஒரு பலகையில், ஒரு பெண் மடித்த ஆடையைப் பெட்டிக்குள் வைக்கிறாள். பெட்டியின் வேலைப்பாடு, துணியின் மடிப்பு, குனிந்த முதுகு எல்லாம் ஒரு சிறு மண்பலகையில். தையல்காரர் வீட்டுப் பிள்ளையைத் தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள் நிற்கவேண்டிய இடம் அதுதான்.

போர்த்திச்செல்லோ கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து கிடைத்த தாடி வைத்த ஞானியின் வெண்கலத் தலையும் இங்கே உள்ளது. கட்டடத்தை வடிவமைத்தவர் மார்செல்லோ பியாச்செந்தீனி. முகப்பில் ‘பெரிய கிரேக்கம்’ எனப்பட்ட பகுதியின் நகர நாணயங்களைப் பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள். உள்ளே நுழையுமுன் ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள்.

கடற்கரைச் சாலை ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

இத்தாலியின் மிக அழகான கிலோமீட்டர் என்று கவிஞர் தனுன்சியோ சொன்னதாக ஊரார் பெருமையோடு சொல்வார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் சொன்னது பொருத்தம். ஒருபுறம் நீரிணை, மறுபுறம் ஆலின் இனத்தைச் சேர்ந்த பெரும் மரங்கள், மண்ணுக்கு மேல் திரண்டு நெளியும் அவற்றின் வேர்கள். நடுவே கிரேக்கர் காலத்து மதிலின் ஒரு பகுதியும் ரோமானியர் குளியல் கூடத்தின் எச்சங்களும் திறந்தவெளியில் கிடக்கின்றன. 2020 முதல் அங்கே கலைஞர் எதோவார்தோ திரெசோல்தியின் கம்பிவலைத் தூண்கள் நிற்கின்றன: 46 தூண்கள், உள்ளே ஒன்றுமில்லை, ஊடே கடல் தெரியும்.

சாலைக்கு இன்று இத்தாலோ பல்கொமத்தா பெயர். 1993 முதல் 2001இல் இறக்கும்வரை மேயராக இருந்து, சோர்ந்து கிடந்த நகரத்தை நிமிர்த்தியவர்.

மாலையில் ஊரே இங்கும் கரிபால்தி கடைவீதியிலும் நடக்கும். அதைப் பஸ்ஸெஜ்ஜாத்தா என்பார்கள். உடற்பயிற்சிக்கான நடை அல்ல அது. நல்ல உடை உடுத்தி, தலைவாரி, நாலு பேரைப் பார்த்து, நாலு பேர் பார்க்க நடப்பது. வெளியே போகும்போது நேர்த்தியாகத் தோன்றவேண்டும் என்பதற்கு ‘பெல்லா பிகூரா’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் நாடு அது. ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் புதுச்சட்டை வேண்டும் என்று தையல் கடைக்கு வரும் ஊரில்தான் வெர்சாச்சே வளர்ந்தார்.

கோட்டையும் பேராலயமும் பார்க்கத் தக்கவையா?

அரகோன் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது முக்கியமாக இரண்டு உருண்டைக் கோபுரங்கள். அரை மணி நேரம் போதும்.

பேராலயம் 1908க்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தில், கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் பவுல் வந்துசேரும் ‘ரேகியு’ இந்த ஊர்தான். அந்த வசனத்தின் லத்தீன் வரி பேராலயத்தின் முகப்பிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தி எரிந்து தீரும்வரை மட்டும் பேச அனுமதி கேட்டாராம் பவுல். மெழுகு தீர்ந்ததும் பக்கத்துக் கல்தூண் பற்றி எரிந்து ஒளி கொடுத்ததாம். அந்தத் தூணின் துண்டு என்று ஒன்றை உள்ளே காப்பாற்றி வருகிறார்கள்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆறுதல் அன்னையின் திருப்படத்தைத் தோளில் சுமந்து மலையடி ஆலயத்திலிருந்து இங்கே கொண்டுவருகிறார்கள். அந்த நாளில் போக வாய்த்தால் வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஊரிலிருந்து வேறு யார் வந்தார்கள்?

ஓவியரும் சிற்பியுமான உம்பெர்த்தோ பொச்சியோனி 1882இல் இங்கே பிறந்தார். காற்றைக் கிழித்து நடக்கும் அவருடைய மனித உருவச் சிற்பம் இத்தாலியின் 20 சென்ட் நாணயத்தில் இருக்கிறது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் இபிக்கோஸும் இந்த ஊர்க்காரர்தான். ஆண்டு குறிப்பிட்டு அச்சான முதல் எபிரேய நூல் 1475இல் இங்கே அச்சானது.

பெர்காமோட் என்ற பழத்தைப் பற்றிச் சொல்கிறார்களே?

எலுமிச்சை இனத்துப் பழம். சாறு புளிக்கும், சற்றுக் கசக்கும். அருமை எல்லாம் தோலில்தான். ஏர்ல் கிரே தேநீரின் மணமும் கொலோன் வாசனைத் திரவியத்தின் முதல் மணமும் இந்தத் தோலின் எண்ணெய். உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி ரெஜ்ஜோ மாவட்டத்தின் கடலோரத்திலிருந்தே போகிறது. வேறு இடங்களில் நட்டால் மரம் வளரும், ஆனால் அதே மணம் கிடைப்பதில்லை என்பது ஊர் விவசாயிகளின் உறுதியான கருத்து.

அருகில் எங்கே போகலாம்?

ஒரே ஒரு நாள் இருந்தால் ஷில்லாவுக்குப் போங்கள். ஹோமர் பாடிய, மாலுமிகளை விழுங்கும் ஆறு தலை அரக்கியின் பாறை அங்கேதான் என்பது மரபு. இன்று அந்தப் பாறைமேல் ஒரு கோட்டை. கீழே கியானலேயா மீனவர் குடியிருப்பில் வீட்டுச் சுவரை அலை தொடுகிறது. உயரமான கம்பத்தில் ஆள் நின்று வாள்மீனைத் தேடும் படகுகளைக் கோடையில் காணலாம்.

இன்னொரு நாள் கிடைத்தால் பெந்தெதாத்திலோ. ஐந்து விரல் விரித்த கை போன்ற பாறையின் அடியில், மக்கள் விட்டுச் சென்ற கிராமம். சுடுமண் பலகைகள் மனத்தில் நின்றவர்கள் லோக்ரியின் இடிபாடுகளுக்கே போகலாம்.

வெர்சாச்சேயின் கல்லறை இங்கே இருக்கிறதா?

இல்லை. 1997 ஜூலை 15 அன்று அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் தன் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 50. மிலான் பேராலயத்தில் நடந்த அஞ்சலியில் இளவரசி டயானா கலந்துகொண்டார். அஸ்தி வடக்கே கோமோ ஏரிக்கரையில் உள்ள மொல்த்ராசியோவில் வைக்கப்பட்டது. ரெஜ்ஜோவில் அவரைத் தேடுவதென்றால், அவர் பார்த்தவற்றைப் பார்ப்பதுதான் வழி.

எப்படிப் போவது? எத்தனை நாள் வேண்டும்?

ரோமிலிருந்து நேர் ரயில்கள் இருக்கின்றன. பயணம் பகலில் பாதியை எடுத்துக்கொள்ளும், ஆனால் கடைசிப் பகுதியில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுவதால் கடல் பக்க ஜன்னலோர இருக்கை கேளுங்கள். ஊருக்கென்று சிறிய விமான நிலையமும் உண்டு. சிசிலியிலிருந்து வருவதானால் மெசினாவிலிருந்து படகு. அருங்காட்சியகத்துக்கு அருகில் உள்ள ரயில் நிறுத்தம் லீதோ. நடுவண் நிலையம்வரை போகவேண்டாம்.

ஊருக்கு இரண்டு நாள், சுற்றுப்புறத்துக்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். காலையில் அங்கே போய்விட்டு, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுங்கள். சூரியன் சிசிலி மலைகளுக்குப் பின்னால் இறங்கும்போது ஊரார் நல்ல உடை உடுத்தி வெளியே வருவார்கள்.